பைலட் நிற்கவில்லை, கீசர் பிடித்துப் பிடித்து அணைகிறது: கேள்வி பதில்

மதுரையில் காஸ் அடுப்பு, கீசர், ஹோட்டல் பர்னர் பழுதுபார்ப்பது என் தொழில். மழை பிடித்தால் கீசர் கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றைக் கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டு இங்கே வைத்திருக்கிறேன்.

திருநகர்: அண்ணே, குழாயைத் திறந்தால் கீசர் டிக் டிக்குனு அடிச்சுத் தீ பிடிக்குது. அஞ்சாறு செகண்டில் அணைஞ்சிடுது. பேட்டரி புதுசு. போர்டு போயிருச்சு, மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உள்ளே நடப்பது தெரிந்தால் கோளாறு எங்கே என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ளும். அதோடு சேர்ந்த ஊசி நகர்ந்து மைக்ரோ சுவிட்ச் வேலை செய்யும். உடனே கீசரை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டு பொறி அடிக்கும், மின்சாரத்தால் திறக்கும் சொலினாய்டு வால்வைத் திறந்து காஸை விடும். அப்புறம் தீ பிடித்ததா என்று பார்க்கும். பர்னர் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் ஒன்று பொறி அடிப்பதற்கு, இன்னொன்று தீயை உணர்வதற்கு. எரியும் தீக்குள் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருப்பதால் தீ வழியாகவே மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்சாரம் பாயும். அது வந்தால் போர்டு வால்வைத் திறந்தே வைத்திருக்கும். வராவிட்டால் சில விநாடிகளில் காஸை நிறுத்திவிடும்.

உங்கள் கீசரில் தீ பிடிக்கிறது. ஆகவே சுவிட்ச், பொறி, வால்வு மூன்றும் வேலை செய்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது உணரும் கம்பியை. சிலிண்டரை மூடி, பேட்டரியைக் கழற்றிவிட்டு மேல் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பி நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். நைஸ் எமரி தாளால் லேசாகத் தேய்த்தால் உலோகம் பளிச்சென்று தெரியும். கம்பியைச் சுற்றியுள்ள பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, பின்னால் மாட்டும் ஒயர் தளர்ந்திருக்கிறதா, நுனி தீக்குள் நிற்கும்படி வளைவு சரியாக இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்த பிறகும் அணைந்தால் போர்டைப் பற்றிப் பேசலாம்.

ஆரப்பாளையம்: கீழ் வீட்டில் அதே கீசர் நல்லா ஓடுது. மாடியில் மாட்டினால் டிக் சத்தமே வரலை.

சத்தமே இல்லை என்றால் மைக்ரோ சுவிட்ச் வரைக்கும் விஷயம் போகவில்லை. காரணம் தண்ணீர் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு 'பார்' அழுத்தம் என்பது கணக்கு. உங்கள் தொட்டி குளியலறைக் கூரை மேலேயே உட்கார்ந்திருந்தால் கீசருக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. டயாபிரம் அசையாது.

பம்ப் வாங்கும் முன் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். நம்ம ஊர் போர் தண்ணீரின் உப்பு அதில் வெள்ளையாக அடைந்திருக்கும். ஷவர் தலையிலும் அதே கதைதான். இரண்டையும் சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் போட வேண்டும். உப்பு உள்ளே செம்புச் சுருளிலும் படியும். அதற்கு எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துச் சுருளுக்குள் ஊறவிட்டு அலசலாம்.

மேலூர்: சார், கீசரை பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருக்கோம். மேலே ஒரு ஜன்னல் இருக்கு. போன வாரம் என் மகளுக்குக் குளிக்கும்போது தலை சுத்தல் வந்தது. கீசருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். இன்றைக்கே அந்தக் கீசரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மகளை டாக்டரிடம் காட்டி, காஸ் கீசர் ஓடும்போது நடந்தது என்பதையும் சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் ஏறக்குறைய 2 கிலோவாட் சூடு தரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் 10 கிலோவாட்டுக்கு மேல். அதாவது கதவை மூடிக்கொண்டு குளிக்கும் அறைக்குள் ஐந்து பர்னர் முழு வேகத்தில் எரிகிறது. ஒரு பங்கு எல்பிஜி எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். 5 அடிக்கு 7 அடி, 9 அடி உயரமுள்ள குளியலறையில் மொத்தமே சுமார் 9 கன மீட்டர் காற்று. கால் மணி நேரத்தில் கீசருக்குத் தேவைப்படுவது சுமார் 3 கன மீட்டர்.

காற்று குறைந்தால் காஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, சுற்றல், குமட்டல், அடுத்தது மயக்கம். கதவைத் தாழ் போட்டு உள்ளே இருப்பவரால் வெளியே வரக்கூட முடியாமல் போகும். காஸ் வாடை இல்லையே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நமக்கு வரும் வாடை கசிவு தெரிவதற்காக எல்பிஜியில் சேர்த்த மெர்காப்டன். அது எரிந்து போய்விடும், புகையில் இருக்காது.

ஜன்னல் போதாது. மழை, குளிர் என்றால் யாராவது அதை மூடத்தான் செய்வார்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். வெளியே மாட்ட இடமே இல்லை என்றால் கரண்ட் கீசருக்கு மாறிவிடுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துச் சொல்வதில்லை.

மாட்டுத்தாவணி பக்கம், ஹோட்டல்: புரோட்டா கல்லுக்குக் கீழே பைலட் நாபை அமுக்கிப் பிடிச்சிருந்தால் எரியுது. கையை எடுத்தால் அணைஞ்சிடுது. நாபுக்கு ஒரு கட்டை முட்டுக்கொடுத்து ஓட்டிக்கிட்டிருக்கோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் அண்ணே. அந்தக் கட்டையை முதலில் எடுங்கள்.

பைலட் என்பது பெரிய பர்னரைப் பற்றவைக்க எரிந்துகொண்டே இருக்கும் சிறு தீ. அந்தத் தீக்குள் விரல் நீளத்துக்கு ஒரு செம்பு நிறக் குச்சி நிற்கும். அதுதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டி, ஒட்டிய முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். 1821இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டது. இந்தக் குச்சியில் வருவது 25, 30 மில்லிவோல்ட். ஒரு டார்ச் பேட்டரியின் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் வால்வுக்குள் இருக்கும் சிறு காந்தத்தைப் பிடித்து வைக்க அது போதும். நாபை அமுக்கும்போது உங்கள் கை வால்வைத் திறக்கிறது, இருபது முப்பது விநாடியில் குச்சி சூடேறியதும் காந்தம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. மின்விசிறிக் காற்றிலோ பொங்கி வழிந்த குருமாவிலோ பைலட் அணைந்தால் குச்சி ஆறி, காந்தம் விட்டு, காஸ் தானாக நிற்கும். கட்டை வைத்தால் இது நடக்காது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாமல் தரையில் பரவி, சாக்கடைக் குழிக்குள் இறங்கி நிற்கும். காற்றில் வெறும் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பக்கத்து அடுப்பில் எப்போதும் தீ இருக்கிற சமையற்கட்டு உங்களுடையது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. பைலட் தீ நீலமாக, குச்சியின் மேல் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றிப் படர வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காஸ் வெளிவரும் சிறு துளையான பைலட் ஜெட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. தீ நன்றாக இருந்தும் நிற்கவில்லை என்றால் குச்சியின் மறுமுனை வால்வில் சேரும் இடத்தைக் கழற்றித் துணியால் துடையுங்கள். அழுக்கு படிந்தாலே அந்த மில்லிவோல்ட் காணாமல் போய்விடும். திரும்ப மாட்டும்போது கையால் திருகிவிட்டு ஸ்பேனரில் கால் சுற்று போதும், அதற்கு மேல் முறுக்கினால் நசுங்கிவிடும். அப்படியும் நிற்காவிட்டால் புதுக் குச்சி போடுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு 'டைரக்ட்' கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

திருமங்கலம், மாணவி: அடுப்பு லைட்டரில் பேட்டரியே இல்லை. பொறி எங்கேயிருந்து வருது?

நல்ல கேள்வி பாப்பா. அமுக்கும்போது உள்ளே ஸ்பிரிங் இறுகி, ஒரு குட்டிச் சுத்தியல் விடுபட்டு ஒரு படிகத்தைப் பட்டென்று அடிக்கும். நீ கேட்கும் 'டக்' சத்தம் அதுதான். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டார்கள். இந்த அடியில் பல ஆயிரம் வோல்ட் வரும், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்கு, மிகக் குறைந்த அளவில். அதனால் சுருக்கென்று குத்துவதோடு சரி. லைட்டர் இல்லாமல் நாபைத் திருகியே பற்றவைக்கும் ஆட்டோ அடுப்பிலும் பெரும்பாலும் இதேதான். அடுப்பைக் கழுவிய அன்று பொறி வராது என்று அம்மா சொல்வார்கள். ஈரம் வழியாக மின்சாரம் வேறு பக்கம் ஓடிவிடுவதுதான் காரணம். துடைத்துக் காயவிட்டால் சரியாகும்.

உசிலம்பட்டி: அடுப்பில் தீ மஞ்சளா எரியுது, பாத்திரம் அடியெல்லாம் கரி. காஸில் கலப்படமா?

இல்லை அக்கா, காற்று குறை. ஜெட்டின் மயிரிழைத் துளையிலிருந்து காஸ் சீறி வரும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு மிக்ஸிங் டியூபுக்குள் போகும். எரியத் தேவையான காற்றில் பாதியளவு இங்கேயே சேர்ந்துவிடும், மீதி தீயைச் சுற்றிக் கிடைக்கும். டியூபுக்குள் பூச்சி கூடு கட்டியிருந்தாலோ, பர்னர் துளையில் பால் பொங்கிக் காய்ந்திருந்தாலோ முதல் பாதி குறைந்து தீ மஞ்சளாகும். பித்தளை பர்னரை ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஜெட்டில் மட்டும் ஊக்கு விடாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் காஸ் கூடி மஞ்சள் நிரந்தரமாகிவிடும்.

உப்புத் தண்ணீர் தெறித்தாலும் தீயில் ஆரஞ்சு நிறம் மின்னும். அது உப்பிலுள்ள சோடியம், பாத்திரத்தில் கரி பிடிக்காது.

செல்லூர்: கீசருக்கு எந்த பேட்டரி?

பெரிய டி சைஸ், அல்கலைன். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கொடைக்கானல்: மார்கழியில் சிலிண்டர் பாதி இருக்கும்போதே தீ சோர்ந்துடுது. காஸ் ரூம் ஹீட்டர் ஒன்றும் வாங்கலாம்னு இருக்கோம்.

எல்பிஜியில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கின்றன. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், பியூட்டேனுக்குப் பூஜ்யம் டிகிரிக்கு அருகில் வர வேண்டும். உங்கள் ஊர் இரவுக் குளிரில் புரோப்பேன் முந்திக்கொண்டு தீர, அடியில் தங்கும் பியூட்டேன் மெதுவாகத்தான் எழும். சிலிண்டரைக் குளிர்காற்று அடிக்காத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். வெந்நீர் ஊற்றுவது, தீ காட்டுவது கூடவே கூடாது.

ஹீட்டர் வாங்கினால் ஆக்சிஜன் குறைவை உணரும் பைலட் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதில் தீயும் தெர்மோகப்பிளும் மிகத் துல்லியமாக வைக்கப்பட்டிருக்கும். அறையின் ஆக்சிஜன் வழக்கமான 21 சதவீதத்திலிருந்து 18 பக்கம் இறங்கினால் தீ குச்சியை விட்டு விலகி எழும்பும், குச்சி ஆறும், காஸ் நிற்கும். அது இருந்தாலும் தூங்கும்போது எரியவிட வேண்டாம். அடிக்கடி அணைந்தால் ஹீட்டரைத் தட்டிப் பார்க்காமல் ஜன்னலைத் திறங்கள்.

கே.கே. நகர்: குழாய் வழி காஸ் வந்தால் இப்போதைய அடுப்பையும் கீசரையும் அப்படியே மாட்டிக்கலாமா?

முடியாது. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அதே கன அளவில் எல்பிஜியில் இருக்கும் சூட்டில் பாதிகூட அதில் இல்லை, அழுத்தமும் குறைவு. அதனால் ஜெட் துளை பெரிதாக வேண்டும். பழைய ஜெட்டில் மீத்தேனை விட்டால் தீ குட்டியாக நடுங்கும். மீத்தேனுக்கான ஜெட்டில் எல்பிஜியை விட்டால் தீ ஆளுயரம் எழும்பும். அடுப்புக்கு ஜெட் மாற்றிக் கொடுப்பார்கள். கீசருக்கு உங்கள் மாடலுக்கான மாற்று செட் கம்பெனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எல்பிஜி கீசரை விற்றுவிட்டுக் குழாய் காஸுக்கென்றே செய்த கீசரை வாங்குங்கள். ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.