இரண்டு ரேடியோ போட்டும் வேகம் ஏறவில்லையே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்து நோடுகளை (வைஃபை பெட்டிகளை) வரிசையாக வைத்து 2.4 கிகாஹெர்ட்ஸில், பொது ரூட்டர் இல்லாமல் ஒன்றோடொன்று நேரே பேசும் அட்-ஹாக் நெட்வொர்க் அமைத்திருக்கிறேன். முதல் ஹாப்பில் (ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்கான தாவலில்) 24 எம்பிபிஎஸ், கடைசி நோடில் 5. ஒவ்வொரு பெட்டியிலும் இன்னொரு ரேடியோ சேர்த்து, சேனல் 1, 11 என்று மாறி மாறிக் கொடுத்தும் 7-ஐத் தாண்டவில்லை. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள்தானே?

கதிர்

அன்புள்ள கதிர்,

காகிதத்தில் மோதாது; ஒரே பெட்டிக்குள் மோதும். கணக்கைப் பாருங்கள். ஒரு ரேடியோ 20 டிபிஎம்மில் அனுப்புகிறது (டிபிஎம் சிக்னல் வலுவின் அளவு; மைனஸில் இறங்க இறங்க வலு குறைவு). ஒரு சாண் தள்ளியிருக்கும் அடுத்த ஆன்டெனாவுக்குப் போவதற்குள் குறைவது 25 டெசிபல் அளவுதான். பக்கச் சேனல்களில் கசிவதை 40 டெசிபல் குறைத்தாலே 802.11ஜி என்ற வைஃபை தரத்தின் விதிக்குப் போதும். மிச்சம் மைனஸ் 45 டிபிஎம். பக்கத்து நோடிலிருந்து வரும் சிக்னலோ மைனஸ் 70. அது முழுகிப்போகிறது. போதாததற்கு, மைனஸ் 62-க்கு மேல் எதைக் கேட்டாலும் ரேடியோ ‘சேனலில் ஆள் இருக்கிறது’ என்று அனுப்பாமல் காத்திருக்கும். நல்ல சிப்பில் கசிவு இதைவிடக் குறையும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இன்னொரு தவறு: நோடுகளை வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்று வைத்துக்கொண்டால், அ-ஆ, இ-ஈ இரண்டு இணைப்புகளுக்கும் சேனல் 1 வந்துவிட்டது. இ அனுப்பும்போது, அருகிலிருக்கும் ஆ-வுக்கு அ பேசுவது கேட்காது.

சேனல்களை இப்படி மாற்றுங்கள்: அ-ஆ 36, ஆ-இ 1, இ-ஈ 149, ஈ-உ 11. 36, 149 இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) வருபவை; 1, 11 இரண்டும் 2.4-இல். எந்தப் பெட்டியிலும் ஒரே பேண்டில் இரண்டு ரேடியோ இருக்காது. எந்தச் சேனலும் திரும்ப வராது. 5 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் 7 டெசிபல் போலக் கூடுதலாகக் குறையும், ஆகவே மறைப்பில்லாத இணைப்புகளுக்கு அதைக் கொடுங்கள். ஒரே பேண்டை விட்டால் வழியில்லை என்றால் ஆன்டெனாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு மீட்டராவது இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

ஒரே ரேடியோவைச் சேனல் மாற்றி மாற்றி ஓட்டும் முறைகள் உண்டு. நான் பரிந்துரைக்கமாட்டேன். வேறு சேனலில் இருந்த நோடுக்கு இந்தச் சேனலில் நடந்த ஆர்டிஎஸ், சிடிஎஸ் பேச்சு (‘அனுப்பலாமா’, ‘அனுப்பு’ என்ற முன்னறிவிப்பு) கேட்டிருக்காது. திரும்பி வந்ததும் நடுவில் புகுந்து கெடுக்கும். இதைத் தீர்க்க 2004-இல் வந்த எம்மேக் (MMAC) முறையில் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 20 மில்லிசெகண்ட், யாருக்கு எந்தச் சேனல் என்ற பேச்சுவார்த்தைக்கே போகிறது. எல்லா நோடுகளின் கடிகாரமும் ஒத்துப்போகவும் வேண்டும்.

மாற்றிய பின், நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) நிரலை யூடிபியில் (பதிலுக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் முறையில்) வைத்து, முதலில் அ-விலிருந்து ஆ-வுக்கும், ஆ-விலிருந்து இ-க்கும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். முதலாவது மட்டும் விழுந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஆ-வின் பிராசஸரைப் பாருங்கள். மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் அதுதான் திணறும்.