நன்னடத்தையில் விட மறுத்துவிட்டார்கள்: மேன்முறையீட்டில் எதைக் கேட்பது?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பு. தன் மனைவியின் முதல் கலியாணத்துப் பிள்ளையை வயரால் அடித்த வழக்கில், மேல் நீதிமன்றத்தில் என் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிள்ளைக்கு ஒன்பது வயது. முதல் தடவைதானே, சிறைக்கு அனுப்பாமல் உத்தியோகத்தரின் கண்காணிப்பில் நன்னடத்தையில் விடுங்கள் என்று சட்டத்தரணி கேட்டும் நீதிபதி மறுத்து, இரண்டரை வருடக் கடூழியச் சிறை விதித்துவிட்டார். மேன்முறையீடு செய்தால் வெளியில் எடுக்கலாமா?

பதில்: முதலில் நாளைப் பாருங்கள். தண்டனை சொன்ன நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மனு அதே மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சட்டத்தரணி கிடைக்காவிட்டால், தம்பி சிறை அதிகாரியிடம் காரணத்தோடு அறிவித்தாலே போதும், வாயால் சொன்னாலும் சரி. கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா அல்லது கிளிநொச்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பதால், இனிப் பேச்சு தண்டனையைப் பற்றித்தான். 'அடிக்கவில்லை' என்று மனுவில் எழுதிப் பயனில்லை.

சிக்கல் எங்கே என்றால், தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 திருத்தத்தில் வந்த 308அ பிரிவு, சிறுவர் கொடுமைக்குக் குறைந்தது 2 வருடம், கூடியது 10 வருடம் சிறை என்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 303 ஆம் பிரிவோ, கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்துக்கும், 2 வருடத்துக்கு மேற்பட்ட தண்டனைக்கும் ஒத்திவைப்பு, அதாவது சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்திவைக்கும் உத்தரவு, தரக்கூடாது என்கிறது. தம்பியின் வழக்கில் இரண்டு தடையும் இருக்கின்றன. ஆனால் அநுராதபுர மேல் நீதிமன்றம் அனுப்பிய ஒரு கேள்விக்கு 2008இல் நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் பதில் சொல்லும்போது, கட்டாயக் குறைந்தபட்சம் இருந்தாலும் நீதிபதி தன் தற்றுணிவின்படி தண்டனை விதிக்கலாம் என்றது. அது வன்புணர்வுப் பிரிவு பற்றியது. அதே தர்க்கத்தை 308அ பிரிவிலும் வாதிட இடமுண்டு. ஆகவே மனுவில் வரிசை முக்கியம்: முதலில் தண்டனையை 2 வருடத்துக்கோ அதற்குக் கீழேயோ குறைக்கக் கேட்க வேண்டும். அதன் பிறகே ஒத்திவைப்பு, நன்னடத்தை என்ற கோரிக்கை.

மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது தடவை இரக்கம் கேட்கும் இடம் அல்ல. தாங்கள் அந்த நீதிபதியாக இருந்திருந்தால் குறைத்திருப்போம் என்பதற்காக அவர்கள் தலையிட மாட்டார்கள். கோட்பாட்டில் பிழை, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டது, தண்டனை அளவுக்கு மிஞ்சியது, இவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து, தண்டனைக் காரணங்கள் உள்ள கடைசிப் பக்கங்களை வரி வரியாக வாசியுங்கள். ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டது, முன்குற்றம் இல்லாதது, விளக்கமறியலில் கழித்த காலம், இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதுதான் உங்கள் வாதம்.

நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை கேட்கப்பட்டதா என்றும் பாருங்கள். அறிக்கையில் எடை உள்ளது கிராம சேவகர் (ஜி.எஸ்.) தரும் நற்சான்றிதழுக்கு அல்ல. பிள்ளை இப்போது யாருடைய வீட்டில் தூங்குகிறது, தம்பி வெளியில் வந்தால் அதே கூரையின் கீழ் இருப்பாரா, குடி உண்டா, இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். பிள்ளை அம்மம்மாவுடன் பாதுகாப்பாக இருக்கிறது, தம்பி வேறு ஊரில் தங்குவார் என்று காட்ட முடிந்தால் வாதம் நிற்கும். காட்ட முடியாவிட்டால் நீதிபதி மறுத்தது சரி என்றே நானும் சொல்வேன். வயர்த் தழும்பு உள்ள பிள்ளையை அதே வீட்டில் அவரோடு மறுபடி விட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

இன்னொன்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 336 ஆம் பிரிவின்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம். மருத்துவ அறிக்கை பாரதூரமாக இருந்தால் இதைத் தம்பியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளையிடமோ தாயிடமோ 'சமாதானம்' பேச ஊர்ப் பெரியவர்களை அனுப்பவே வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தல் தனிக் குற்றம், அத்தோடு மேன்முறையீடும் கெட்டுவிடும்.

மேன்முறையீடு முடியும்வரை பிணை கேட்கலாம். ஆனால் விதிவிலக்கான காரணம் காட்டவேண்டும். குடும்பக் கஷ்டம் மட்டும் பெரும்பாலும் போதாது. பிணை கிடைக்காவிட்டால், தண்டனை தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.