மூன்றாவது சின்சில்லாக் குட்டி மெலிகிறது என்றால்

உங்கள் சின்சில்லா (மென்மயிர் அடர்ந்த, கொறிக்கும் சிறு வளர்ப்புப் பிராணி) ஈன்ற மூன்று குட்டிகளில் மெலியும் மூன்றாவதுக்குப் பசும்பால் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், வயிறு கெடும். பெரிய இரண்டும் அதைத் தாயிடம் அண்டவிடாமல் கடித்துத் தள்ளுகின்றன போல. மூக்கிலும் காதிலும் பல் பட்ட காயம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பெரியவற்றைக் கொஞ்ச நேரம் சூடான துணியில் ஒதுக்கி, சின்னதைத் தனியாகக் குடிக்க விடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். பிறந்தபோது 30 முதல் 60 கிராம் இருக்கும். முதல் நாள் சற்றுக் குறைந்தால் பரவாயில்லை, தொடர்ந்து குறைந்தால் பால் போதவில்லை.

நுவரெலியாக் குளிர் தாய்க்கு ஒன்றும் செய்யாது, தென் அமெரிக்காவின் குளிரான அந்தீஸ் மலைப் பிராணிதானே! ஈரம்தான் ஆகாது. அப்புறம், ஆண் சின்சில்லா தாயோடு இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். தாய் ஈன்ற கையோடு மறுபடி சினையாகக்கூடும்.

குட்டி சில்லிட்டுச் சுருண்டு கிடந்தால் காத்திருக்காமல் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.