லூ காரூ திரும்பி வந்ததா?

அன்புள்ள அண்ணா,

தீவின் கிழக்கே எங்களுடையது சின்ன ஊர். மூன்று வாரமாகக் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் கோழிகள் செத்துக் கிடக்கின்றன. ஓர் ஆடும் போய்விட்டது. பெரிய கறுப்பு மிருகம், இரண்டு காலில் நின்றது என்கிறார்கள். லூ காரூ, அதான் அந்த ஓநாய் மனிதன், திரும்பிவிட்டது என்கிறார் என் மாமியார். மகள் டியூஷனுக்குப் போக மறுக்கிறாள். பையன்கள் கம்போடு ராத்திரிக் காவல் சுற்றுகிறார்கள். நான் என்ன செய்ய?

ஒரு வாசகி, மொரீஷியஸ்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் 1994-ஐ நினைத்துச் சொல்கிறார். அந்த பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்தபோது எனக்கு 14 வயது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. அந்த இருட்டில்தான் தூனி மின்வீ கிளம்பியது. அம்மணம், நள்ளிரவு. நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அவ்வளவுதான் அதன் பெயர். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய மனிதன், பிடிக்கப் போனால் நாயாக மாறிவிடுவான், லூ காரூதான் அது என்றார்கள். தகரக் கூரையில் ஒரு கிளை உரசினாலும் அம்மா எங்களை இழுத்து அணைத்துக்கொள்வார்.

இந்தத் தீவில் பயப்படுவதற்கென்று ஒரு காட்டு மிருகம் கிடையாது. வௌவால்களைத் தவிர எந்தப் பாலூட்டியும் இங்கே பூர்வீகம் இல்லை. மான், 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. கீரி, எலியை ஒழிக்க 1900-இல் விடப்பட்டது. நம் முன்னோரைப் போல அதுவும் இந்தியாவிலிருந்து கடல் தாண்டியதுதான். சிறுத்தை வந்த ஊர் சிறுத்தையைத் தேடும். நமக்குச் சிறுத்தை இல்லை. அதனால் ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

அன்று எங்கள் தெருக் காவலில் அப்பாவும் இருந்தார். ஒருநாள் விடியற்காலை ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். மனநிலை சரியில்லாமல் ஊர் ஊராகத் திரிபவர். சட்டை இல்லை, அவ்வளவுதான் குற்றம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது நெற்றி பிளந்து, கோவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அப்பா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்த மனிதர் குடிக்காமல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

சரி, உங்கள் கோழிகளுக்கு வருவோம். கீரி பகலில் திரியும் பிராணி. ராத்திரிச் சாவுக்கு அதைச் சந்தேகிக்க வேண்டாம். பல கோழிகள் கடிபட்டும் தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் நாய்தான். கூட்டமாக வந்தால் ஆட்டையும் விடாது. நாய் வேலிமேல் முன்காலை வைத்து எழுந்தால் இருட்டில் அது இரண்டு காலில் நிற்பதுபோலத்தான் தெரியும். இன்று சாயங்காலம் கூட்டைச் சுற்றிச் சாம்பலோ ஈரமண்ணோ பரப்பி வையுங்கள். விரல் தடங்களுக்கு முன்னால் நகக்குறி பதிந்திருந்தால் பூனை இல்லை, நாயாக இருக்கலாம். அந்தத் தடத்தைப் படம் எடுத்துக் காவலுக்குப் போகும் பையன்களுக்குக் காட்டுங்கள். கம்பை வீட்டில் வைத்துவிட்டு டார்ச்சோடு மட்டும் போகச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள் என்றால் உங்கள் மாமியாரையே சொல்லவையுங்கள், அவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருக்கும்.

மகளை ஒரு வாரத்துக்கு நீங்களே கையைப் பிடித்து டியூஷனுக்குக் கூட்டிப் போங்கள். சாம்பலில் என்ன தடம் விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்