கரும்பா, ராவென்னா புல்லா? தோட்டத்து ஓரத்துக்கு எதை நடுவது?

நீங்கள் கேட்டது இது: தோட்டத்தின் ஒரு பக்கத்தை மறைக்க ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல் வேண்டும். கரும்பு நட ஆசை. ஆனால் கரும்புக்கு உறவு என்று சொல்லி நாற்றுப் பண்ணைகளில் விற்கும் ராவென்னா புல்லும் அதே மாதிரிதான் தெரிகிறது. இரண்டில் எது?

இரண்டையும் ஆறு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்க்கிறேன். தண்டைப் பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் கரும்பு. பூவைப் பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் ராவென்னா. உயரத்தையும் இலையையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ராவென்னா பூக்கும் சமயத்தில் அதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முதல் வருடம் எனக்கே குழம்பியது. இரண்டிலும் நீளமான தோகை, நடுவே வெள்ளை நரம்பு, அரம் போன்ற விளிம்பு. இரண்டுமே கையைக் கிழிக்கும்.

சந்தேகம் வந்தால் அடியில் பாருங்கள். கரும்பில் காய்ந்த சோகையைக் கீழிருந்து உரித்துக்கொண்டே வந்தால் தண்டு வெளியே தெரியும். கணுவுக்குக் கணு ஒரு வளையம், அந்த வளையத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வேர்ப்புள்ளிகள், அதன்மேல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பரு. அடுத்த கணுவில் பரு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கணுவுக்குச் சற்றுக் கீழே சாம்பல் பூசினாற்போல் ஒரு மெழுகுப் பட்டை. கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் அந்த இடம் மட்டும் ஈரம் பட்டதுபோல் மினுங்கும். கருஞ்சிவப்புத் தண்டில் இதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். மழை ஓய்ந்த மாலை வெயிலில் தூர் முழுக்க நிறம் ஏறி நிற்கும்போது வேறு செடியைப் பார்க்கவே தோன்றாது. பச்சை, மஞ்சள், கருஞ்சிவப்பு, கோடு போட்டது என்று தண்டின் நிறத்திலேயே பல வகை உண்டு. இலையும் கருஊதாவாக வரும் ‘பெலேஸ் ஸ்மோக்’ என்ற வகையை அழகுக்காகவே வளர்க்கிறார்கள்.

உரிக்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். சோகையின் அடியில் இருக்கும் சுணை தோலில் ஏறினால் அன்று முழுக்க அரிக்கும்.

ராவென்னாவை அப்படி உரித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். இலைகள் அடியிலிருந்தே கொத்தாகக் கிளம்பும், அடிப்பகுதியில் கம்பளிபோல் மயிர் மண்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே நெட்டி. சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. வருடத்தில் பாதி நாள் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு பச்சைக் குவியலாகத்தான் கிடக்கும். கோடை முடிகிற சமயத்தில் அந்தக் குவியலுக்குள்ளிருந்து பூத்தண்டுகள் கிளம்பி, சில வாரத்தில் மூன்று மீட்டரைத் தாண்டும், நான்கைக்கூடத் தொடும். பூக்கதிர் விரியும்போது லேசாக ஊதா ஓடிய வெள்ளி நிறம், அப்புறம் வெளுத்துப் பால் நிறம். பின்னாலிருந்து வெயில் விழுகிற மாதிரி இடம் பார்த்து நடுங்கள், அதுதான் இதற்கு உயிர். கரும்பும் பூக்கும், அதன் பூவும் அழகுதான். ஆனால் பூ வந்த தண்டு அதற்கு மேல் வளராது, நாளாக நாளாக உள்ளே நெட்டி விழும். அதனால் கரும்பைப் பூவுக்காக நட வேண்டாம்.

வெயில் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதி: நிழலில் நடாதீர்கள். இரண்டும் உச்சி வெயிலையும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும் வகைப் புற்கள். அந்த வகை ஒளிச்சேர்க்கையை 1966-இல் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் விளக்கியதே ஆஸ்திரேலியாவில் கரும்பு இலையை வைத்துத்தான். நிழலில் கரும்பு மெலிந்து நெட்டையாகும், ராவென்னா பூக்க மறுக்கும்.

தண்ணீரில்தான் இரண்டும் பிரியும், நான் தவறியதும் அங்கேதான். ஒரே பாத்தி, ஒரே குழாய். கரும்புக்கு வாரம் இரண்டு முறை நிறையத் தண்ணீர், மாதம் ஒரு முறை தொழு உரம். பக்கத்திலிருந்த ராவென்னாவுக்கும் அதே கவனிப்பு கிடைத்தது. கரும்பு கொழித்தது. ராவென்னாவில் இலை மட்டும் மண்டியது, பூத்தண்டுகள் சதைப்பற்றாக வளர்ந்து, பூ விரிந்த வாரமே ஒரு காற்று மழையில் வட்டமாக நாலா பக்கமும் சாய்ந்துவிட்டன. ஒரு வருடம் காத்திருந்த பூ தரையில் கிடப்பதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. அடுத்த வருடம் அதைத் தூரோடு பெயர்த்து மேட்டில், உரம் போடாத மண்ணில் நட்டேன். வேர் பிடிக்கும்வரை மட்டும் தண்ணீர். அதற்குப் பிறகு நிமிர்ந்துதான் நிற்கிறது. கரும்பும் சாயும், ஆனால் அதற்கு வழி உண்டு: மூன்று நான்கு மாதத்தில் தூரைச் சுற்றி மண் அணையுங்கள், உயர்ந்த பிறகு அதன் சோகையையே முறுக்கிப் பக்கத்துத் தண்டுகளோடு சேர்த்துக் கட்டுங்கள்.

உங்கள் இடத்தில் குளிர் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. உறைபனி விழும் இடம் என்றால் வேறு பேச்சே வேண்டாம், ராவென்னாதான். மைனஸ் 20 டிகிரியையும் தாங்கி அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். கரும்பு வெப்ப மண்டலத்துப் பிள்ளை. 20 டிகிரிக்குக் கீழே போனாலே மந்தமாகும், உறைபனி பட்டால் தோகை கருகும், கடுமையாக விழுந்தால் நுனி மொட்டே செத்துவிடும். அங்கே கரும்பு வேண்டுமானால் பெரிய தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே எடுக்க வேண்டும்.

மறைப்பு என்று பார்த்தால், குளிர் இல்லாத இடத்தில் கரும்புதான் மேல். வெட்டினாலும் அதே தூரிலிருந்து மறுதாம்பு கிளம்பும், ஒரு பக்கத் தூரை இந்தத் தடவை, மறுபக்கத்தை அடுத்த தடவை என்று வெட்டினால் சுவர் வெறுமையாகவே இருக்காது. ராவென்னாவைப் புதுத் துளிர் வருவதற்கு முன்னால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாக வெட்ட வேண்டும். அப்புறம் சில வாரம் அந்தப் பக்கம் திறந்தே கிடக்கும். வருடங்கள் போகப் போகத் தூரின் நடுப்பகுதி செத்து வளையமாகிவிடும். அப்போது பிரித்து நட வேண்டும், மண்வெட்டியும் கோடாலியும் இல்லாமல் அது நடக்காது.

உறவு என்று விற்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். ராவென்னாவைக் கரும்பின் பேரினமான சக்காரத்திலேயே வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு டிரிபிடியம் என்று தனியே பிரித்துவிட்டார்கள். அது தூரத்துச் சொந்தம்தான். நெருங்கிய சொந்தம் வேண்டுமானால் மிஸ்காந்தஸ் என்ற புல் இருக்கிறது, கரும்போடு கலப்பினமே உண்டாக்கும் அளவுக்கு நெருக்கம். ஆள் உயரம், விசிறிபோல் பூ, குறுக்கே மஞ்சள் பட்டை ஓடிய இலையோடு ‘ஜெப்ரினஸ்’ என்று ஒரு வகையும் உண்டு. இடம் சிறிதென்றால் ராவென்னாவை விட அதையே சொல்வேன்.

உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது நாணல். கோயம்புத்தூரில் 1918-இல் வெளிவந்த கோ 205 கரும்பு, வெள்ளை என்ற இனிப்புக் கரும்பையும் நாணலையும் கலந்து வந்ததுதான். இன்றைக்கு வயலில் நிற்கும் கரும்புகளில் அநேகமாக எல்லாவற்றிலும் நாணலின் ரத்தம் ஓடுகிறது. அவற்றின் திடமெல்லாம் நாணலிடமிருந்து வந்தது. அந்தத் திடத்துக்காகவே நாணலைத் தோட்டத்தில் விடாதீர்கள். மண்ணுக்கடியில் கிழங்கு ஓட்டி ஓடும், விதையும் பறக்கும், ஒரு துண்டு விட்டாலும் மீண்டும் வரும்.

ராவென்னாவுக்குக் கிழங்கு ஓட்டம் இல்லை, ஆனால் விதை காற்றில் போகும். அமெரிக்காவில் அழகுக்காக நட்டது கொலராடோ ஆற்றோடு இறங்கி கிராண்ட் கேன்யன் வரை பரவி, பிடுங்கி எடுக்கும் வேலை பூங்காக்காரர்கள் தலையில் விழுந்தது. பக்கத்தில் ஓடையோ ஆறோ இருந்தால் நடாதீர்கள். இல்லையென்றாலும் கதிர் உதிர்வதற்கு முன்னால் வெட்டி எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் ஜாடியில் வைக்க அதுவே போதும்.

கரும்பு என்று முடிவெடுத்தால் நாற்று தேட வேண்டியதில்லை. நன்றாக விளைந்த, நோயில்லாத தண்டின் மேல்பாதியில் இரண்டு மூன்று பரு உள்ள கரணையாக நறுக்குங்கள். பரு பக்கவாட்டில் இருக்கும்படி படுக்க வைத்து, இரண்டு விரல் கனத்துக்கு மண் மூடுங்கள். மண்ணில் சூடு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஊசிபோல் முளை தெரியும். அதுவரை ஈரம் மட்டும் காயவிடாதீர்கள்.