பழைய காரும் உவர்த் தண்ணியும்: கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து: அண்ணை, என்னுடையது பழைய நிசான் சனி. இத்தனை நாளும் வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான் விட்டேன். இப்போது ரேடியேற்றரைத் திறந்தால் செங்கல் கரைத்த நிறம். எப்படிக் கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் விடுவது?

பதில்: தம்பி, கடற்கரையோரக் கிணற்றில் உப்பு ஊறாமல் இருக்குமா? எஞ்சினின் அடிப்பாகமான பிளொக் இரும்பு, அதன் மேல் பூட்டிய ஹெட் அலுமினியம் என்றால், உப்புத் தண்ணி இரண்டுக்கும் நடுவில் பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சூட்டோடு மூடியைத் திறந்த தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது. ஹீட்டர் இருந்தால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, ரேடியேற்றர் அடியில் உள்ள திருகைக் கையால் திறவுங்கள். பிளாஸ்டிக் திருகு பழசானால் நொறுங்கும், சாவணம் போட வேண்டாம். இதில் முழுவதும் வடியாது, பிளொக்கிலும் கணிசமாக நிற்கும். பிளொக்கின் திருகு துருவேறி இறுகியிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள். நல்ல தண்ணி நிரப்பி, மேல் ஹோஸ் சுடும் வரை ஓடவிட்டு, ஆறவைத்து வடியுங்கள். தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசித் தடவை மட்டும் டிஸ்டில்ட் வோட்டர்.

அப்புறம் ஒரு கணக்கு. மொத்தம் 6 லீற்றர் பிடிக்கும் என்றால், தண்ணி கலக்காத கூலன்ட் 3 லீற்றரை முதலில் விட்டு, மிச்சத்துக்கு டிஸ்டில்ட் வோட்டர். முன்கூட்டியே பாதிக்குப் பாதி கலந்து விட்டால், பிளொக்கில் நிற்கும் தண்ணி அதை இன்னும் ஐதாக்கிவிடும்.

கின்னியாவிலிருந்து: நம் வெயிலுக்குத் தேர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிவிட்டார்கள். சரியா?

பதில்: சரியில்லை. தேர்மோஸ்டாட் என்பது, தண்ணி சூடானதும் ரேடியேற்றருக்கு வழி திறக்கும் வால்வு. எஞ்சினுக்கும் அளவான சூடு வேண்டும். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் வழி மூடாது, தண்ணியில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். புதிதை வாங்கிச் சட்டியில் தண்ணியோடு சூடாக்கிப் பாருங்கள். 82 என்று அடித்திருந்தால் அந்தப் பாகையையொட்டித் திறக்கத் தொடங்கும். பூட்டும்போது அதன் விளிம்பில் உள்ள சின்ன ஆணி மேல்பக்கம் நிற்கட்டும், காற்று வெளியேற.

மூதூரிலிருந்து: ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டுமா?

பதில்: நசுக்கிப் பாருங்கள். சொதசொதவென்றோ மொறுமொறுவென்றோ இருந்தால் மாற்றுங்கள், கிளிப்போடு.

உவர்மலையிலிருந்து: அண்ணா, வடித்த கூலன்டை இவர் வளவுக் கானில் ஊற்றப் பார்க்கிறார். பரவாயில்லையா?

பதில்: விடாதீர்கள் தங்கச்சி! அது இனிக்கும் நஞ்சு. நாய் பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள கலனில் ஊற்றிப் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குளிர்பானப் போத்தலில் வேண்டவே வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து: கூலன்ட் மாற்றிய மறுநாள், கந்தளாய் போவதற்குள் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரிச் சூடாகிவிட்டது!

பதில்: உள்ளே காற்று அடைத்திருக்கலாம். ஆறிய பிறகு காரின் முன்பக்கம் உயர நிறுத்தி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிடுங்கள். தேர்மோஸ்டாட் திறந்ததும் குமிழி வந்து மட்டம் இறங்கும், அப்போது நிரப்புங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், பிளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கராஜுக்கு இழுத்துத்தான் போக வேண்டும், ஓட்டி அல்ல.