அடிமாட்டில் என்ன நிற்கும்? வாசகர் கேள்வி பதில்

செங்குன்றம் வாசகர் ஒருவர்: ஐயா, ஊத்துக்கோட்டைப் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருக்கிறது. வெளிநாட்டில் கன்று வாங்கி, கொழுக்க வைத்து, ஒன்றரை வருடத்தில் கறிக்கு விற்கும் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாமும் 20 கன்றோடு ஆரம்பித்தால் என்ன நிற்கும்?

பதில்: கன்றோடு ஆரம்பித்தால் வழக்குதான் நிற்கும். 1958-ல் வந்த தமிழ்நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி மாடோ எருமையோ, வெட்டுக்குப் போக சான்றிதழ் வேண்டும். அது கிடைக்க பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத உருப்படியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். பசுவையும் கிடேரியையும் வெட்டக்கூடாது என்று 1976-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். ஆக, வீடியோவில் வருகிற கொழுகொழு இளங்காளையை நம் ஊர்ச் சட்டம் வெட்ட விடாது.

நம் அடிமாட்டு வியாபாரம் முழுக்க உழைத்து ஓய்ந்ததை நம்பித்தான் ஓடுகிறது: வண்டி இழுத்து முடித்த காளை, வயதான எருமைக் கடா, கறவை வற்றிய எருமை. அதனால் நீங்கள் செய்யக்கூடியது, எலும்பும் தோலுமாக இருப்பதை வாங்கி, மூன்று மாதம் நன்றாகப் போட்டு, சதை பிடித்ததும் விற்பது. பட்டினி கிடந்த மாடு நல்ல தீனியைக் கண்டதும் முதல் சில வாரங்கள் வேகமாக ஏறும், லாபத்துக்கு வழியே அதுதான். அதற்கப்புறம் வேகம் குறைந்துவிடும், போடுகிற தீனி அதே அளவு. நன்றாக வருகிறதே என்று ஆறு மாதம் கட்டி வைத்தால் மாடுதான் உங்களைத் தின்னும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 300 கிலோ உயிர் எடையுள்ள மெலிந்த எருமையில் கறி 44 சதவீதம் என்றால் 132 கிலோ. எலும்போடு கிலோ 250 ரூபாய் மதிப்பில் அது 33,000. தினம் அரை கிலோ ஏறி, 90 நாளில் 345 கிலோ ஆகிறது. உடம்பு தேறியதால் கறி 50 சதவீதம் நிற்கும் என்று வையுங்கள், 172 கிலோவுக்கு மேல், ஏறக்குறைய 43,000. வித்தியாசம் 10,000 ரூபாய். தினத் தீனி 120 ரூபாய் என்றால் 10,800 போச்சு, கைப்பணமும் சேர்த்துப் போச்சு. தீனியை 70 ரூபாய்க்குள் முடித்தால் 6,300, மிச்சம் 3,700. அதில் டாக்டர், லாரி, தரகு எல்லாம் சேர்த்து 1,500 என்றால் உருப்படிக்கு 2,200 நிற்கும். இருபதுக்கும் சேர்த்து 44,000, உங்கள் கூலி இதில் இல்லை. ஒரே ஒரு மாடு செத்தால் பதினைந்து மாட்டின் லாபம் அதோடு போய்விடும். வீடியோக்காரர்கள் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

இரண்டிலிருந்து நான்கு உருப்படியோடு ஆரம்பியுங்கள். அதற்கு முன் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

தாம்பரம் வாசகர்: சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். எடை தெரியாமல் எப்படி வாங்குவது? போன தடவை வாங்கின மாடு வீட்டுக்கு வந்ததும் பாதி ஆகிவிட்டது!

பதில்: பாதி ஆகவில்லை, வயிறு காலியாகியிருக்கிறது. மாட்டின் உயிர் எடையில் வயிற்றுக்குள் கிடக்கிற தீனியும் தண்ணீரும் மட்டுமே 12, 15 சதவீதம் வரை இருக்கும். விற்கிறவர் விடியற்காலையில் உப்பைக் கொடுத்து, தண்ணி காட்டி, வயிறு முட்ட நிறுத்திவிடுவார், நீங்கள் தண்ணீருக்குக் கறி விலை கொடுத்துவிட்டு வருவீர்கள். பொள்ளாச்சியோ ஈரோடு கருங்கல்பாளையமோ வேலூர்ப் பக்கம் பொய்கையோ, எந்தச் சந்தையானாலும் இதுதான் நடப்பு.

தையல்காரர் டேப் ஒன்றை வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று பாருங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை நீளம் எத்தனை என்றும் பாருங்கள். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. நெஞ்சு 62, நீளம் 52 என்றால் ஏறக்குறைய 303 கிலோ. எருமைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் தரகர் கண்ணால் சொல்கிற எடையை விட மேல். நெஞ்சைச் சுற்றி அளப்பதால் வயிற்றுத் தண்ணியும் இதில் அவ்வளவாக ஏமாற்றாது. நாலைந்து மாடு வாங்கினால் இன்னும் சுலபம், லாரியைக் காலியாக ஒரு தடவை, ஏற்றிக்கொண்டு ஒரு தடவை எடை மேடையில் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். கடைப்பல் சேர்ந்துவிட்டதா, அதாவது கடைசி ஜோடிப் பல்லும் முளைத்துவிட்டதா, என்பதோடு விடாமல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வயதுக்கு அத்தாட்சி அதுதான், சான்றிதழுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். ரொம்பத் தேய்ந்திருந்தால் வைக்கோலை மெல்லாது, நீங்கள் என்ன போட்டாலும் ஏறாது, அந்த மாட்டை விட்டுவிடுங்கள். துண்டு விஷயத்தில் ஒன்றுதான்: உங்கள் கணக்கு முடிகிற வரை கையை நீட்டாதீர்கள்.

மதுராந்தகம் வாசகி: எழுபது ரூபாய்க்குள் தீனி என்று சொல்வது சுலபம். தவிடு, புண்ணாக்கு விற்கிற விலையில் எப்படி?

பதில்: வைக்கோலில்தான் ஆரம்பிக்க வேண்டும், உங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் அதற்குப் பஞ்சமில்லை. வெறும் வைக்கோலில் சத்து ரொம்பக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி 21 நாள் வைத்தால் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, மெல்லவும் மிருதுவாக இருக்கும். பிரித்ததும் நெடி கண்ணில் ஏறும், கொஞ்ச நேரம் ஆற வைத்துவிட்டுப் போடுங்கள். தூக்கலாக இருக்கட்டும் என்று யூரியாவைக் கூட்டினால் மாடு செத்துப்போகும், அளவு அளவுதான். கரைசலை மாடு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கூடவே கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் புல் கால் ஏக்கர் போட்டுவிட்டால் பச்சைக்குக் கவலையில்லை. கோயம்பேட்டிலிருந்து முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலிவுதான், ஆனால் கட்டுக்குள் பிளாஸ்டிக் கயிறும் பையும் இருக்கும், ஒவ்வொரு கூடையையும் கொட்டிப் பார்க்காமல் போட்டால் அந்தப் பை ஒரு நாள் வயிற்றில் போய் நின்றுவிடும். தவிடும் தானியமும் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். பட்டினி மாட்டுக்கு முதல் நாளே குருணையைக் கொட்டினால் வயிறு புளித்து, விழுந்துவிடும்.

வந்த அன்றே தீனிக்கு முன்னால் குடற்புழு மருந்து. ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த மாட்டுக்கு ஈரலில் தட்டைப்புழு இருக்கும், அதைச் சொல்லி மருந்து கேளுங்கள், இல்லையென்றால் போடுகிற தீனியில் பங்கு அதற்குத்தான். புதிய மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். கோமாரித் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. எருமைக்கு வியர்ப்பது குறைவு, நம் ஊர் மே மாதத்தில் குட்டையோ தண்ணீர்த் தெளிப்போ இல்லாமல் எடையை எதிர்பார்க்காதீர்கள். ஊசி போட்டிருந்தால் டாக்டர் சொன்ன நாள் கழியாமல் வெட்டுக்கு விற்கக்கூடாது.

வியாசர்பாடி வாசகர்: புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் (இறைச்சிக் கூடத்தில்) கறி விலை மட்டும் பேசுகிறார்கள். தோல், தலை, கால், குடல் எல்லாம் அவர்களுக்கே சும்மாவா?

பதில்: சும்மா இல்லை, உங்களுக்குச் சொல்கிற விலைக்குள் அதுவும் இருக்கிறது, அவர்கள் தனியாகச் சொல்வதில்லை. குடலுக்கும் காலுக்கும் சென்னையில் ஆள் உண்டு. தோலை நம்பி மட்டும் கணக்கு போடாதீர்கள், உண்ணிக் கடியும் தார்க்குச்சித் தழும்பும் இருந்தால் தோல்காரர் விலையைக் குறைத்துவிடுவார்.

பல்லாவரம் வாசகர்: லாரியில் ஏற்றினாலே நிறுத்துகிறார்கள், வழக்கு என்கிறார்கள். 2017-ல் சந்தையில் விற்கவே தடை என்றார்களே, அது இன்னும் இருக்கிறதா?

பதில்: 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் வெட்டுக்காக மாடு விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதே மாதம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிக்கே இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த இடைக்காலத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. உங்களை லாரியில் மாட்டிவிடுவது வேறு விதி: மோட்டார் வாகன விதிப்படி மாட்டுக்கோ எருமைக்கோ தலைக்கு 2 சதுர மீட்டர் இடம், தடுப்போடு. கூடவே பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று. ஆறு நிற்கிற இடத்தில் பன்னிரண்டை அடைத்து வாடகையை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பவர்கள் ஆடிப் போய் வந்து சேர்கிற மாட்டில் எடையையும் விடுகிறார்கள், அபராதமும் கட்டுகிறார்கள். சந்தை ரசீதையும் டாக்டர் சான்றையும் டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

வேளச்சேரி வாசகி: விவசாய வருமானம்தானே, வருமான வரி கிடையாது என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. கால்நடை வளர்ப்பில் வருகிற லாபம் வருமான வரிக் கணக்கில் விவசாய வருமானம் ஆகாது, தொழில் வருமானம்தான். உயிர் மாட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. நண்பர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் போல. வாங்கினது, போட்ட தீனி, லாரி, மருந்து எல்லாவற்றுக்கும் பில் வையுங்கள்.